நாலாவது ஆள்

தமிழோ? நினைச்சனான். நீங்கள் ரண்டு பேரும் அந்தக் கல்லிலை இருந்து தண்ணிக்கை காலை விட்டுக்கொண்டு கதைக்கேக்கை ஒரு சொல்லுக் காதிலை விழுந்தது. இந்தியாவோ? திருப்பூரோ? நல்லது. நாங்கள் சிலோன். இப்ப கனடா, ஸ்காபரோ. பேர் குலவீரசிங்கம். உங்களுக்கு அது நீளம், குலம் எண்டாலே காணும்.

இந்த வாங்கிலை இருங்கோ தம்பி. பிள்ளை, நீங்களும் இருங்கோ. வள்ளம் வர இன்னும் நேரம் இருக்கு. எனக்கு வள்ளம் எண்டுதான் வாயிலை வரும், உங்கடை ஆக்கள் படகு எண்டுவியள். இப்ப வாறது ஆக்களை இறக்கி, உங்களை ஏத்திக்கொண்டு போனால் சரி, இண்டைக்கு இனி இல்லை. விட்டீங்களோ, விடியும்வரைக்கும் தீவிலைதான். பகிடிக்குச் சொன்னனான், பயப்பிடாதையுங்கோ.

நானோ? நான் போகேல்லை. நான் காம்பிங் வந்தனான். நாளையிண்டைக்குத்தான் போவன். அங்கை மரங்களுக்குள்ளை ரண்டு கூடாரம் தெரியுது பாருங்கோ, பச்சை ஒண்டு, நீலம் ஒண்டு. ரண்டும் என்ரைதான். பச்சைக்குள்ளை நான். நீலத்துக்குள்ளை இப்ப ஒருத்தரும் இல்லை. மகனும் மருமோளும் வந்தால் இருப்பினம். இல்லையில்லை, நான் அவையைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லை. காத்துப் பிடிக்கத்தான் இந்த இறங்குதுறைக்கு வந்தனான். காலமையும் வந்தனான், மத்தியானமும் வந்தனான். இதிலை நல்ல காத்து.

வருவினமோ எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? வரத்தானே வேணும். போன வருசம் எனக்குச் செய்ததுக்கு இந்த வருசமெண்டாலும் வரவேணும்.

இந்தத் தீவைக் கண்டுபிடிச்சது நான்தான், தெரியுமே? வெள்ளைக்காரன் முந்தியே கண்டுபிடிச்சு மேசையும் கக்கூசும் கட்டி வைச்சிருந்தவன்தான். எங்கடை ஆக்களுக்குள்ளை சொல்லுறன். எங்கடை ஆக்கள் காம்பிங் போறதை நீங்கள் பாக்கவேணும். காரைக் கொண்டுபோய்க் கூடாரத்தோடை ஒட்டி நிப்பாட்டுவினம். பாட்டுப் பெட்டி, பெரிய சோத்துக் கிடாரம், ஊர்ப்பட்ட சனம். அது காம்பிங்கே? கலியாண வீடு. எனக்கு அது சரிவராது. கார் வராத இடமாய், வள்ளத்திலை மட்டும் வாற இடமாய்த் தேடி எடுத்தனான். ஒருக்கால் இறங்கினால் ஆரும் கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட ஏலாது பாருங்கோ. எல்லாரும் ஒண்டா இருக்கத்தான் வேணும்.

வருசா வருசம் நாலு பேர். நான், மனுசி, மகன் துவாரகன், மருமோள் சாம்பவி. பகல் முழுக்க நீச்சல், பின்னேரம் சீட்டு. எங்கடை சீட்டு விளையாட்டுக்கு நாலு பேர் வேணும், சோடி சோடியா. நானும் மருமோளும் ஒரு சோடி. அவள் இஞ்சை பிறந்த பிள்ளை, ஆனால் சீட்டிலை படு கெட்டிக்காரி. நான் கண்ணைக் காட்ட முந்தியே துரும்பை இறக்கிப்போடுவாள். என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி எண்டு மனுசி சொல்லுவா. அது மனுசி சும்மா என்னைச் சீண்டிறதுக்குச் சொல்லுறது.

என்னிலை ஒரு பழக்கம், எல்லாம் ஒழுங்கா இருக்கவேணும். கூடாரத்து வாசல் கிழக்கைப் பாக்கவேணும். நெருப்பு நான்தான் மூட்டவேணும். இறைச்சியை வீட்டிலேயே தூள் பிரட்டிக்கொண்டு வரவேணும், இஞ்சை வந்து நிண்டு பிரட்டக்கூடாது. ஒருக்கால் சாம்பவி ரண்டு மரத்துக்கு நடுவிலை ஒரு துணியைக் கட்டி அதுக்குள்ளை கிடந்து புத்தகம் வாசிச்சவள். பாக்க நல்லாயில்லை எண்டு அவிட்டுப்போட்டன். பேந்து பாத்தால் அந்தப் பக்கத்து மரத்திலை திருப்பிக் கட்டிக் கிடக்கு. ஆர் கட்டினது? மனுசிதான். மனுசி இப்பிடித்தான், நான் அவிட்டதை எல்லாம் பின்னாலை வந்து கட்டுவா.

பேந்து ஒரு பனிக்காலத்திலை மனுசி போயிட்டா. அதைப் பற்றிக் கதைக்கேலாது தம்பி. கதைக்க வெளிக்கிட்டால் நீங்கள் வள்ளத்தை விட்டுடுவியள்.

போன வருசம், அதுதான் மனுசி இல்லாத முதல் கோடை. துவாரகன்தான் கேட்டவன், அப்பா, தீவுக்குப் போவமோ எண்டு. நான் வரேல்லை எண்டன். வாங்கோ அப்பா, சாம்பவி உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணுமாம், தீவிலை வைச்சுத்தான் சொல்லுவாளாம் எண்டான். என்ன பெரிய விசயம், வேலை மாறுறாளாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன்.

வீட்டிலை இருந்து வெளிக்கிடேக்கை நாலு பேர்தான். என்ரை சிநேகிதன் பராவையும் காரிலை ஏத்தி அவன்ரை மகள் வீட்டிலை இறக்கினனாங்கள். அக்கரையிலை வள்ளத்துக்கு வரிசையிலை நிக்கேக்கைதான் எண்ணிப் பாக்கிறன். மூண்டு பேர்.

உங்கடை பக்கமும் இருக்குதெல்லோ, மூண்டு பேராய் ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடக்கூடாது எண்டு? பாத்தீங்களே, பிள்ளை தலையாட்டிறா. மனுசி இருந்தால் ஒரு கல்லை எடுத்துப் பைக்குள்ளை போட்டு, இப்ப நாலு எண்டு சொல்லிப்போட்டு ஏறியிருப்பா. எனக்கு அந்த ஏமாத்து வேலை பிடிக்காது. கல்லு ஆளாகுமே? அதுவும் தண்ணிப் பயணம். வீட்டிலை ஒரு சாவு நடந்து திவசமும் முடியேல்லை. நான் சொன்னன், சாமானோடை நான் முதல் போறன், நீங்கள் ரண்டு பேரும் அடுத்த வள்ளத்திலை வாங்கோ எண்டு.

துவாரகன் கண்ணை உருட்டினவன். சாம்பவி சிரிச்சுக்கொண்டு கிட்ட வந்தவள். வந்து, மாமா, நாங்கள் மூண்டு பேரில்லை, வடிவா எண்ணிப் பாருங்கோ, நாங்கள் நாலு பேர் எண்டாள்.

எனக்கு விசர் வந்திட்டுது. செத்துப்போன மனுசியைக் கணக்கிலை சேர்த்து எனக்குப் பகிடி விடுறாள், பாருங்கோ! நீங்களெண்டால் பொறுப்பியளே? நாலாவது ஆள் இல்லை, இனி வரப்போறதுமில்லை, அதை விளங்கிக்கொண்டு கதை எண்டு சொல்லிப்போட்டன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னன். வரிசையிலை நிண்ட வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பிப் பாத்தவை. அவளின்ரை முகம் வெளிறிப்போச்சு. வயித்திலை கையை வைச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டவள். பசியாக்கும் எண்டு நினைச்சு, பசிச்சால் அதிலை ஏதும் வாங்கிச் சாப்பிட்டிட்டு வாங்கோ எண்டும் சொல்லித்தான் ஏறினனான். அக்கறையில்லாத மனுசன் எண்டு என்னை ஒருத்தரும் சொல்லேலாது.

வந்து இறங்கினன். ரண்டு கூடாரத்தையும் தனியத்தான் அடிச்சன். அவையின்ரை கூடாரத்துக்குள்ளை பாயை விரிச்சு, தலையணைக்குக் காத்து ஊதி எல்லாம் செய்து வைச்சிட்டு இதே வாங்கிலை வந்து இருந்தன். அவை வரேல்லை.

காத்து எழும்பீட்டுது தம்பி. அதுதான் காரணம். இந்த ஏரி அப்பிடித்தான், திடீரெண்டு குழம்பும். அடுத்த வள்ளத்திலை ஒரு சீனாக் குடும்பம் வந்து இறங்கினது, கைக்குழந்தையோடை. அதுக்கடுத்ததிலை பெடியள் கொஞ்சப்பேர் ஒரு நாயோடை வந்தவங்கள். கடைசி வள்ளம் வெறுமையா வந்தது. ஆனால் காத்துத்தான். காத்து இல்லையெண்டால் வந்திருப்பினம்.

எடுத்துக் கேட்டிருக்கலாம் எண்டுவியள். இந்தத் தீவிலை போன் வேலைசெய்யாது. என்ன, உங்கடையிலை எல்லாக் கோடும் காட்டுதோ? உங்கடை வேறை கொம்பனியாக்கும்.

மிச்ச நாளும் நான் தனியத்தான் நிண்டன். புக் பண்ணினது பண்ணினதுதானே, விட்டிட்டுப் போக நான் என்ன விசரனே? இறைச்சி மூண்டு பேருக்குப் பிரட்டினது. முதல் நாள் சமைச்சுச் சாப்பிட்டன். அடுத்த நாளும் அதையே சாப்பிட்டன். பேந்து மிச்சத்தை றக்கூன் வந்து பெட்டியைத் திறந்து சாப்பிட்டது. அது என்ன கெட்டிக்கார மிருகம், கொளுக்கியைக் கழட்டுது! நான் துரத்தேல்லை. ஆரெண்டாலும் சாப்பிடட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். உண்மையைச் சொன்னால் அது போனது எனக்குக் கவலையாப் போச்சு.

போற அண்டைக்கு அக்கரையிலை துவாரகன் காரோடை நிண்டவன். தனிய. சாமானை எல்லாம் ஏத்தினவன். வழியெல்லாம் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை. நான் என்னத்துக்குக் கதைக்கவேணும்? தேப்பனைத் தீவிலை விட்டது அவன். அவன்தானே கதைக்கவேணும்? ஒரே வீட்டிலை இருந்தும் சாம்பவி அறையை விட்டு வெளியிலை வரேல்லை. ரண்டு கிழமையாலை நான் வேறை இடம் பாத்துக்கொண்டு போயிட்டன். ஒரு அறைதான். ஆனால் ஒழுங்கா வைச்சிருக்கிறன்.

இனித்தான் கேளுங்கோ. எனக்குப் பேத்தி பிறந்திருக்கு. ஓம், மகன்ரை பிள்ளை. எனக்கு ஆர் சொன்னது தெரியுமே? பரா. பராவுக்குத் தெரிஞ்சிருக்கு, மீன்கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, கோயில் ஐயருக்குத் தெரிஞ்சிருக்கு. தேப்பனுக்குத் தெரியாது. வயித்திலை இருக்கேக்கையும் சொல்லேல்லை, பிறந்தும் சொல்லேல்லை. பேந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்கேக்கை துவாரகன் போன் எடுத்தவன். அப்பா, வாங்கோ எண்டான். போனிலை! ஒரு விசேசத்துக்குப் போனிலையோ சொல்லுறது? வீட்டுக்கு வந்து, நேரை நிண்டு சொன்னால்தான் சொன்ன மாதிரி. ஊர்ச்சனத்துக்கே நேரை போய்ச் சொல்லுறம், தேப்பனுக்குப் போன் காணுமோ? நான் போகேல்லை. இண்டுவரைக்கும் பேத்தியை நான் காணேல்லை. பரா தன்ரை போனிலை ஒரு படம் காட்டினவன். மனுசியின்ரை நெத்தி. அப்பிடியே மனுசியின்ரை நெத்தி. பாக்க ஆசைதான் தம்பி. ஆசை இல்லாமல் இருக்குமே? இரும்பே நான்?

எப்ப பிறந்ததோ? தை மாதம் பிள்ளை, பொங்கல் கழிச்சு.

என்ன விரலை மடக்கிறியள்? தையிலை இருந்து பின்னுக்கோ எண்ணிறியள்? மார்கழி, கார்த்திகை... ஓம், நாங்கள் வந்தது ஆவணி தொடங்கேக்கை. அதுக்கென்ன?

ம்.

இல்லை, விளங்குது. நீங்கள் சொல்லவேண்டாம் பிள்ளை, எனக்கு எண்ணத் தெரியும்.

அப்பிடியெண்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கவேணும். வயித்திலை இருக்கிறதை ஆர் ஆளெண்டு கணக்கிலை எடுக்கிறது? சொல்லுங்கோ பாப்பம். நாலு பேர் எண்டு சொன்னால் நான் என்ன கண்டன்? என்ரை தலைக்குள்ளை அப்ப மனுசி மட்டும்தான் நிண்டவ. நான் மனுசியைத்தான் சொன்னன், நாலாவது ஆள் இனி வராது எண்டு. பிள்ளையைச் சொல்லேல்லை. கடவுளாணை நான் பிள்ளையைச் சொல்லேல்லை. அது அவளுக்குத் தெரியாதே? தெரிஞ்சிருக்கும். கெட்டிக்காரி.

சிரிச்சுக்கொண்டுதான் வந்தவள். பகிடி எண்டு நினைச்சன். அந்தப் பிள்ளை எப்பிடி ஆசையாச் சொல்ல வந்திருக்கும்... தண்ணிப் போத்தல் இருக்கோ தம்பி? இல்லை, வருத்தமில்லை. சும்மா.

இண்டைக்கு நான் இஞ்சை நிக்கிறது அவைக்குத் தெரியுமோ எண்டோ? அதை என்னத்துக்குச் சொல்லவேணும்? வருசா வருசம் இந்தக் கிழமைதானே வாறனாங்கள். யோசிச்சால் தெரியாதே? பரா என்னை அக்கரையிலை இறக்கேக்கை, துவாரகனுக்குச் சொல்லட்டோ எண்டு கேட்டவன். வாயைத் திறக்கப்படாது எண்டு சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் வந்தனான். எனக்கும் ஒரு மானம் இருக்குதெல்லோ?

என்ன பிள்ளை? இப்ப எடுக்கிறதோ? வேண்டாம் வேண்டாம். என்ரையிலை சார்ஜ் இல்லை. உங்கடையிலையோ? இல்லை தம்பி, வையுங்கோ. நம்பரோ? நம்பர் பாடம்தான். மகன்ரை நம்பர் பாடமில்லாமல் இருக்குமே? சரி, சொல்லுறன், நீங்கள் அமத்துங்கோ. எடுக்கமாட்டான் பாருங்கோ, தெரியாத நம்பர். அடிக்குதோ? தாங்கோ.

ஹலோ. ஓம், நான்தான். அப்பா. இல்லை, ஒண்டுமில்லை, சுகமா நிக்கிறன். இது ஒரு தம்பியின்ரை போன். தீவிலை. ஓம், அதே இடம்தான். தனியவோ? ஆர் சொன்னது தனிய எண்டு? சே, இஞ்சை ஆக்கள் கனக்க. எல்லாரும் வந்து நிக்கினம்.

தம்பி, கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ. பிள்ளை, நீங்களும். என்னத்தையெண்டாலும் கதையுங்கோ, சிரியுங்கோ, ஆக்கள் நிக்கிற மாதிரி. நல்லாச் சிரியுங்கோ.

கேக்குதே? அதுதான் சொன்னனே. அது ஆரெண்டோ? அது பராவின்ரை சொந்தக்காரர், இந்தியாவிலை இருந்து வந்தவை. நல்ல பகிடிக்காரர். சமையலோ? எல்லாம் நடக்குது. ஒரு குறையுமில்லை.

அது என்ன சத்தம்? பிள்ளையோ? கத்திறாளோ, சிரிக்கிறாளோ? கேக்குது. கிட்டப் பிடி. ம். கேக்குது... கேக்குது.

என்ன? நாளைக்கோ? முதல் வள்ளத்துக்கோ? அவளும் வாறாளோ? அவள்தான் கேக்கச் சொன்னவளோ?

இல்லையடா. நாளைக்கு... இஞ்சை ஒரே சனமடா. இடமில்லை. கைக்குழந்தையோடை உங்களுக்கு அலைச்சல். வேண்டாம். பிறகு ஒரு நாளைக்குப் பாப்பம். சரி. ஓம் ஓம். சரி. வை.

இந்தாங்கோ தம்பி, போன். பெரிய உபகாரம்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? வரட்டோ எண்டு கேட்டவன், வேண்டாம் எண்டன். வேறை என்ன சொல்லுறது? வாற பிள்ளை கேட்டுக்கொண்டோ நிக்கும்? வர விருப்பமெண்டால் வெளிக்கிட்டு வரவேண்டியதுதானே. நான் வேண்டாம் எண்டு சொல்லுவன்தான். அதைக் கேட்டு நிக்கிறதோ? மனுசி இருந்திருந்தால் போனை என்ரை கையிலை இருந்து பறிச்சிருப்பா.

பிள்ளை, நீங்கள் என்னத்துக்கு அழுறியள்? துடையுங்கோ. வள்ளம் வருது பாருங்கோ. சாமானை எடுங்கோ. அந்தப் பையைத் தாங்கோ, நான் தூக்கிறன். இல்லை, பாரமில்லை.

இறங்க ஒருத்தரும் இல்லை. வெறுமையாத்தான் வந்திருக்கு. காத்தும் இல்லை இண்டைக்கு, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. சரி, ஏறுங்கோ. பாத்து, பலகை ஈரம். கையைப் பிடியுங்கோ பிள்ளை. சந்தோசம். திருப்பூர்க்காரரைக் கண்டது பெரிய சந்தோசம். ஸ்காபரோப் பக்கம் வந்தால்... என்ரை அறை சின்னன்தான், எண்டாலும் வாங்கோ. தேத்தண்ணி போட்டுத் தருவன். கட்டாயம் வாங்கோ.

வள்ளக்காரன் கயித்தை அவிழ்க்கிறான். போட்டு வாங்கோ.

தம்பி! ஒரு நிமிசம், தம்பி! நான் எடுத்தது உங்கடை போனிலை எல்லோ? அப்ப அவன்ரையிலை உங்கடை நம்பர்தானே விழுந்திருக்கும்? அவன் திருப்பி எடுத்தால் உங்களுக்குத்தான் வரும். எடுப்பான். சில நேரம் எடுப்பான். அவளெண்டாலும் எடுப்பிப்பாள்.

எடுத்தால் சொல்லுங்கோ, இடம் இருக்கு எண்டு! என்ன? இஞ்சின் சத்தத்திலை கேக்கேல்லையோ? இடம் இருக்கு! நீலக் கூடாரம் அடிச்சுக் கிடக்கு, பாயும் விரிச்சுக் கிடக்கு, ஒரு சனமும் இல்லை, நான் தனியத்தான் நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ! முதல் வள்ளத்துக்கே வரச்சொல்லுங்கோ! நான் சொன்னதெண்டு சொல்லவேண்டாம், நீங்களாச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ!

இல்லை! தம்பி, இல்லை! அப்பாதான் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ! அப்பாதான் வரட்டாம் எண்டு சொன்னவர் எண்டே சொல்லுங்கோ!